தானசாலை வாசலில் ஒரு நீண்ட வரிசை

வெசாக் பூரணையன்று மாலையிலே கொழும்பு மாநகரின் வீதிகளில் உலாவச் செல்வோர் இரண்டு காட்சிகளைக் காணாது வீடு திரும்புதல் இயலாது. ஒன்று ஒளி, மற்றது வரிசை. ஒளியைப்பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. தெமட்டகொடையிலும் தொட்டலங்கையிலும் பொரளையிலும் உயர்ந்து நிற்கும் மின்விளக்குப் பந்தல்களும், பேர வாவியின் கரையிலே காற்றில் அசையும் வெசாக் கூடுகளும் ஆண்டுதோறும் படங்களாக வெளிவந்தவண்ணம் இருக்கின்றன. வரிசையைப்பற்றி எழுதுவார் அரியர். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பொலிசாரும், கால் கடுக்கிறது என்று நிற்போரும் சொல்லுவதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு தட்டுச் சோற்றுக்காகவும் ஒரு கிண்ணம் ஐஸ்கிறீமுக்காகவும் ஒரு மணி நேரம், சில வேளைகளில் அதற்கு மேலும், தெருவோரத்தில் நிற்கும் அந்த ஜனத்திரளைப்பற்றியே இவ்வாரம் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

தன்சல் என்று சிங்கள மக்கள் வழங்கும் சொல் நமக்கு அந்நியமானதன்று. தானம், சாலை என்னும் இரு சொற்களும் சேர்ந்து பிறந்தது அது. நாம் தானசாலை என்போம். வெசாக் நாளிலும், அடுத்த மாதத்துப் பொசன் பூரணையிலும் நாடெங்கும் இவை தோன்றுகின்றன. ஒரு கொட்டகை, சில பௌத்த கொடிகள், ஓர் ஒலிபெருக்கி, நான்கைந்து கிடாரங்கள். ஒரு தானசாலைக்கு இவ்வளவு போதும். சில இடங்களிற் சோறும் கறியும் கிடைக்கும். சில இடங்களில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். வேறு சில இடங்களிற் பாணும் பருப்பும், கடலை, நூடில்ஸ், கோப்பி. வில்வம்பூவையோ ஆவாரம்பூவையோ அவித்த குடிநீரை ஒரு துண்டு கருப்பட்டியோடு கொடுப்பாருமுளர். பிள்ளைகள் மொய்ப்பது ஐஸ்கிறீம் தானசாலையிலேதான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கொடுப்போரெல்லாரும் செல்வர் என்று எண்ணிவிடலாகாது. முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துச் சாரதிகள் தம்முட் காசு சேர்த்து நடத்தும் தானசாலைகள் உண்டு. ஒரே ஒழுங்கையில் வாழும் வாலிபர்கள் வீடு வீடாகச் சென்று ஒருவரிடம் அரிசியும் மற்றொருவரிடம் தேங்காயும் பெற்று நடத்துவன உண்டு. சந்தை வியாபாரிகளும், வங்கி ஊழியரும், இராணுவ முகாம்களிலுள்ளோரும் நடத்துகின்றனர். நடுவீதியில் நின்று கொடியை அசைத்து, பஸ்வண்டிகளை மறித்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வற்புறுத்தும் இளைஞரை வாசகர்கள் பலரும் கண்டிருப்பர். ஏனைய நாட்களிற் காசு வாங்குவதற்காகக் கூவும் தெரு, அன்றைக்கு மட்டும் காசு வாங்காமற் கூவுகிறது!

இலங்கையில் இத்தகைய வரிசை இன்று நேற்று உண்டானதன்று. அநுராதபுரத்திலே மகாபாளி என்னும் தானசாலையின் இடிபாடுகளுக்கிடையில், பிக்குகளுக்குரிய சோற்றை இட்டு வைத்த நீண்ட கற்றொட்டியை இன்றும் காணலாம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து தங்கிய சீன யாத்திரிகர் பாஹியான், அரசன் அளித்த பொது உணவைப் பெறுவதற்குப் பிக்குகள் தத்தம் பெரிய பாத்திரங்களோடு சென்று, அவை நிரம்பியபின் திரும்பியதை எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்து வரிசை துறவிகளுடையது. தெருவிற் செல்லும் எவரும் வந்து நிற்கலாம் என்ற இன்றைய வெசாக் கோலாகலத்துக்கு அரசாங்க விடுமுறை துணை செய்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் வெசாக் நாள் விடுமுறையாக்கப்பட்டது 1885ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஏப்ரில் 28ஆம் திகதி வந்த வெசாக் தினத்திலேதான் பௌத்த கொடியும் முதன்முதலாக ஏற்றப்பட்டது. இப்பொழுது பூரணை நாளும் அதற்கு அடுத்த நாளும் விடுமுறை. வேலைக்குப் போகவேண்டிய அவசரம் இல்லாதவருக்கே ஒரு மணி நேரம் நிற்கும் பொறுமை வரும்.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் எளிதாக அறியலாம். ஒரு கிலோ அரிசிச் சோறு ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் காணும். ஆயிரம் பேருக்கு உணவிட 125 கிலோ அரிசி வேண்டும். பரிமாறும் மேசையில் ஒரு தட்டு நிரம்புவதற்குப் பத்து விநாடி செல்லுமாயின் நிமிடத்துக்கு ஆறு பேர், மணிக்கு 360 பேர். நமக்கு முன்னே நானூறு பேர் நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். இன்னொரு மேசையிட்டாற் பாதியாகாதோ என்று கேட்கலாம். ஆகாது, அடுப்பு அத்தனை வேகமாக வேலை செய்யாது. ஒரு கிடாரம் முடிந்து மறு கிடாரம் இறங்கும்வரை, எத்தனை மேசையிருந்தாலும் வரிசை அசையாது.

அசையாத அந்த வேளையைத்தான் நாம் கவனித்துப் பார்க்கவேண்டும். சினிமாக் கொட்டகையின் முன் நிற்கும் வரிசையில் இடித்துத் தள்ளுவோர் இங்கே அமைதியாக நிற்கின்றனர். முன்பின் அறியாத இரு தாய்மார் பிள்ளைகளின் பரீட்சையைப்பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். கைத்தடியோடு வந்த கிழவரை முன்னே போகும்படி வழிவிடுகின்றனர்; அவரோ, நான் நிற்கிறேன் என்று மறுத்துவிடுகிறார். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலமாதலால் வெசாக் மாலையில் அனேகமாக ஒரு மழை பெய்யும். பெய்தாலும் வரிசை கலைவதில்லை. ஒரு குடையின் கீழ் நான்கு தலைகள் சேர்ந்துகொள்கின்றன.

இப்படி நின்ற ஒரு வரிசையில், நம்மவர் வீட்டுச் சிறுமியொருத்தி தன் தாயைக் கேட்டாள்: "ஏனம்மா இதிலை நிக்கிறம்? வீட்டிலை சோறு இருக்குத்தானே?"

"இருக்குத்தான். நிண்டு பார், பிறகு சொல்லுறன்" என்றாள் தாய். அவள் பிறகு என்ன சொன்னாளோ, நாம் கேட்கவில்லை. ஆயினும் கேள்வி நம்மோடு வந்துவிட்டது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி ஆண்டுதோறும் எழுவதுண்டு. வெளிச்சம் பார்க்கப் போகலாம். தானசாலையில் நின்று வாங்கி உண்ணலாமோ? வேண்டாம் என்பார் இரண்டு காரணங்கள் கூறுவர். கைநீட்டிப் பெறுவது இழிவு என்பது ஒன்று. சிறு வயதிலே பள்ளிக்கூடத்திற் படித்த நீதி அது. இல்லாதவருக்கென்று வைத்ததை உள்ளவர் போய் உண்ணலாமா என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல மனத்திலே தோன்றும் காரணங்களே. எனினும் இரண்டும் தானசாலையின் இயல்பை அறியாது கூறப்படுவன என்பது நமது அபிப்பிராயம்.

பெறுவது இழிவென்று கூறும் நமது நூல்களே, பெறுவார் இல்லாவிடிற் கொடுப்பாரின் கதி யாது என்றும் கேட்கின்றன. இரவச்சம் என்று ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதற்கு முன்னாலே இரவு என்றும் ஓர் அதிகாரம் வைத்து, இரப்பார் இல்லையேல் ஈவாருக்கு என்ன புகழ் உண்டாகும் என்று வினவுகிறார். அதனைக் கதையாகவே கண்டு தெளிய விரும்புவோர் மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

மதுரையிலே பிச்சையேற்று, குருடருக்கும் செவிடருக்கும் முடவருக்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தவன் ஆபுத்திரன். சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள். வரங் கொடுக்க வந்த இந்திரனை அவன் மதிக்கவில்லை. பசித்தவர் முகத்தைப் பார்ப்பதிலும் பெரிய இன்பம் உன்னிடம் என்ன இருக்கிறது என்ற பாவனையிற் சிரித்துவிட்டான். இந்திரனுக்குக் கோபம் வந்தது. அவன் தண்டித்த விதந்தான் விசித்திரமானது! பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான். வயல்கள் விளைந்தன, வீடுகள் நிரம்பின, ஆபுத்திரனிடம் உண்ண வருவார் ஒருவருமில்லை. உண்ண வாருங்கள் என்று ஊரூராய்க் கேட்டுத் திரிந்தவனை மக்கள் ஏளனஞ் செய்தனர். சாவகநாட்டிற் பஞ்சமென்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்திலே தங்கியது, அவன் இறங்கினான், அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில், குறையாத பாத்திரத்தோடு தனியே நின்ற ஆபுத்திரன், தனக்கு மட்டும் சோறிடும் பாத்திரம் எதற்கென்று அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான்.

அந்தப் பாத்திரம் ஆண்டில் ஒருமுறை பொய்கையின் மேலே தோன்றும். தோன்றும் நாள் எது தெரியுமா? புத்தபெருமான் பிறந்த வைகாசிப் பூரணை, வெசாக் தினமேதான். மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்ளும் அறிஞரும் உளர். ஆகவே வெசாக் நாளையும் இலவச உணவையும் சேர்த்து நினைப்பதற்குத் தமிழருக்கு வேறொருவரிடம் இரவல் வாங்கவேண்டியதில்லை.

ஆபுத்திரனைக் கொன்றது வறுமையன்று, வரிசை இல்லாமை. இதனை மனத்திற்கொண்டு வீதியோரத்தை நோக்கினால், கொடியசைத்து வாகனங்களை மறிக்கும் வாலிபனின் முகத்தில் ஏன் அத்தனை ஆவல் என்பது விளங்கும். இரவெல்லாம் கண்விழித்து 125 கிலோ அரிசியை வடித்தவனுக்கு, நாம் நிற்காமற் போவதுதான் நட்டம். வரிசை குறுகிய தானசாலைக்காரர் நீண்ட வரிசையுள்ள அயல் தானசாலையைச் சற்றுப் பொறாமையோடு பார்ப்பதையும் நாம் கண்டதுண்டு. புண்ணியத்திலும் போட்டி இருக்கத்தான் செய்கிறது.

அன்னதானத்தில் நாமும் பின்தங்கியவரல்லேம். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கின்றோம். கோயிலைச் சூழ்ந்த மடங்களிலே அடியார்க்குச் சோறிடுதல் இன்றும் நடைபெறுகிறது. திருவிழாக் காலங்களில் தண்ணீர்ப்பந்தல் அமைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊறுகாய்த் தண்ணீரும் வார்ப்பதும் நமது வழக்கமே. ஆயினும் நமது முறை பந்தி. இலை போட்டு, இருத்தி, உபசரித்துப் பரிமாறுவது. அதன் அழகு தனி. அதே பந்தியில் யார் யாரோடு இருப்பது என்ற கேள்வி நெடுங்காலம் நம்மை வருத்தியது என்பதையும் மறைத்தற்கில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற சமாசனத்துக்கே 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தில் எத்தனை எதிர்ப்பு! பந்திக்குத் தலைப்பந்தி, கடைப்பந்தி உண்டு. தெருவில் நிற்கும் வரிசைக்கு அது இல்லை. முன்னே வந்தவர் முன்னே. பின்னே வந்தவர் பின்னே. மோட்டார்க் காரில் வந்திறங்கியவரும் மூட்டை சுமப்பவருக்குப் பின்னால் நின்றேயாகவேண்டும்.

வரிசை என்றாலே இந்நாட்டவர் நெஞ்சில் ஓர் அச்சமும் உண்டு. 1970களின் முற்பகுதியில் விடியுமுன் எழுந்து பாணுக்காக நின்ற வரிசையை நம் வீட்டுப் பெரியோர் இன்னும் மறக்கவில்லை. இளையோருக்கு 2022ஆம் ஆண்டு போதும். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் நின்ற காலம் அது. எரிபொருள் வரிசையில் நின்ற முதியோர் மயங்கி வீழ்ந்து உயிர்விட்ட செய்தி அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வந்தது. எரிபொருள் நிலையங்களுக்குப் படைவீரரும் அனுப்பப்பட்டனர். அந்த வரிசையில் ஒருவர் மற்றவரை அயலவராகப் பார்க்கவில்லை. தமக்கு வரவேண்டியதைக் குறைக்க வந்தவராகவே பார்த்தனர். கொடுப்பவரும் வரவேற்கவில்லை. முடிந்துவிட்டது என்ற அட்டையைக் கண்டு வெறுங் கலனோடு திரும்பியவர் எத்தனை பேர்!

வெசாக் வரிசைக்கும் அந்த ஆண்டுகள் நல்லனவாயிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களின் பின்னர், ஒரு மாதத்துக்குள் வந்த வெசாக்கில் மக்கள் கூடுவதற்கே அஞ்சினர். 2020இலும் 2021இலும் கொரோனா நோயின் காரணமாக வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. 2022 மே 15ஆம் திகதி வெசாக் வந்தபோது நோய் தணிந்திருந்தது. சமைப்பதற்குத்தான் எரிவாயு இல்லை. அடுத்து வந்த மாதங்களிலே கொழும்பில் தேவாலயங்களும் தொண்டர் குழுக்களும் சமுதாயச் சமையலறைகளைத் திறந்து நாள்தோறும் சோறிடத் தொடங்கின. இலங்கையில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றி இருக்கின்றனர் என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் அவ்வாண்டு செப்டெம்பரில் அறிவித்தன. பத்துப் பேருக்கு மூவர் என்பது அதன் பொருள்.

இனி, இல்லாதவருக்குரியதை உள்ளவர் உண்ணலாமா என்ற இரண்டாவது காரணத்துக்கு வருவோம். சமுதாயச் சமையலறையின் வாசலிலே பாத்திரத்தோடு நிற்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவள் யார், ஏன் வந்தாள் என்பது தெருவில் போவோர் எல்லாருக்கும் தெரியும். தெரிகிறதே என்ற வெட்கத்தினால் வராமலே இருந்துவிட்ட தாய்மாரும் உண்டு. அவர்களின் பிள்ளைகள் பசியோடு படுத்திருக்கும். அதே தாய் வெசாக் இரவில் தானசாலை வரிசையில் நிற்கும்போது, முன்னால் ஒரு பாடசாலை ஆசிரியர் குடும்பம், பின்னால் வேடிக்கை பார்க்க வந்த மாணவர் கூட்டம், பக்கத்தில் வெசாக் கூட்டைக் கையிலேந்திய குழந்தை. இவர்களுள் எவருக்குப் பசி, எவருக்கு விளையாட்டு என்று பரிமாறுவோனுக்குத் தெரியாது, அவன் கேட்பதுமில்லை. வயிறு நிறைந்தவர் வந்து நிற்பதனாலேயே வயிறு ஒட்டியவர் தலை நிமிர்ந்து நிற்க முடிகிறது. உள்ளவர் எல்லாரும் மரியாதை கருதி விலகிவிட்டால் மறு ஆண்டே அந்த வரிசை ஏழைகளின் வரிசையாகிவிடும். பிறகு ஏழைகளும் அங்கே வரக் கூசுவர். ஆதலால், வீட்டில் சோறு இருக்கிறதே என்று கேட்ட சிறுமிக்கு, அதனாலேதான் நிற்கிறோம் என்று அந்தத் தாய் விடை கூறியிருந்தால் அது முற்றும் பொருந்தியிருக்கும்.

நிற்பது வேறு, அள்ளிக்கொண்டு போவது வேறு. மோட்டார் சைக்கிளில் ஏறி ஒரு தானசாலையிலிருந்து மற்றொன்றுக்கு ஓடி, பொதிகளைப் பை நிறையச் சேர்த்து, வீட்டுக்குப் போய்ச் சுவையானதைத் தின்று, எஞ்சியதைக் குப்பையிற் கொட்டும் வீரர்களைப்பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஐஸ்கிறீம் உண்டவுடன் கிண்ணத்தைக் கானுக்குள் எறிவோரைப்பற்றியும் அவ்வாறே. மறுநாட்காலை அந்த வீதியைக் கூட்டும் நகரசபைத் தொழிலாளிக்கு வெசாக் விடுமுறை இல்லை என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பது நன்று.

கொடுப்போருக்கும் சில கடமைகள் உண்டு. தானசாலை நடத்துவோர் முன்கூட்டியே தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அறிவித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஆண்டுதோறும் வற்புறுத்துகின்றனர். தண்ணீர் எங்கே பெறப்பட்டது, சமைப்போர் கைகள் சுத்தமா, உணவு மூடி வைக்கப்பட்டிருக்கிறதா என்று வந்து பார்க்கின்றனர். தர்ம காரியத்துக்கும் அனுமதியா என்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். ஆயிரம் பேர் உண்ணும் சோற்றில் ஒரு கிடாரம் பழுதானாலும் ஆயிரம் வீடுகளில் வயிற்றுநோய். வைகாசி வெக்கையில் மாலை ஐந்து மணிக்கு இறக்கிய கறி இரவு பத்து மணிக்கு எப்படி இருக்கும் என்பது வீட்டில் சமைக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பரிசோதகரின் வருகையைத் தொல்லையாகக் கருதுவோர், அவரையும் ஒரு தட்டுச் சோறு உண்ணச் சொன்னால் விடயம் இலகுவாகும்.

தானசாலையொன்று முடியும் வேளையை முழுதும் நின்று காண்போர் சிலரே. பத்து மணியளவிற் கிடாரத்தின் அடி தெரியத் தொடங்கும். வரிசையில் இன்னும் அறுபது, எழுபது பேர் நிற்பர். இல்லையென்று சொல்லும் துணிவு பரிமாறுவோரில் ஒருவருக்கும் இராது. முதலில் அகப்பை சிறிதாகும். பின்னர் இரண்டு கறி ஒன்றாகும். பின்னர்ச் சோறும் பருப்பும் மாத்திரம். அதுவும் முடிந்தபின் யாரோ ஒருவன் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிற் சீனி வாங்கிவந்து தேநீர் ஊற்றத் தொடங்குவான். கடைசியாக நின்றவர் வெறுந் தேநீரைக் குடித்து, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடிக்கப் போய்விடுவார். ஒலிபெருக்கி ஓயும். காலையிலிருந்து கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன வாலிபர்கள் அதன் பின்னரே தம் பசியை நினைப்பர். அடிப்பிடித்த சோற்றைக் கிடாரத்திலிருந்து சுரண்டியெடுத்து, எஞ்சிய சம்பலோடு பிசைந்து, வீதியோரத்துக் கல்லின்மேல் அமர்ந்து உண்பர். அவர்களுக்கு வரிசை இல்லை.